கோலாலம்பூரில் சிக்கனமாக மளிகை வாங்குவது: புதிதாக வருவோர்க்கு ஒரு வழிகாட்டி

வெளியூரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ கோலாலம்பூர் வந்து, செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு, சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை இவ்வளவு, ரயில் கட்டணம் இவ்வளவு என்று மாதத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். சாப்பாட்டுச் செலவுதான் கவனம் தப்பிய வாரத்தில் கையை மீறிப் போகும். நான் இங்கு வந்த புதிதில் சம்பளம் இருபதாம் தேதிக்குள் கரைந்துகொண்டிருந்தது. எந்தப் பொருளை எங்கே வாங்குவது என்று சொல்லித்தர ஆளில்லாமல், கடை கடையாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டவற்றைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எல்லாப் பொருளும் மலிவாகக் கிடைக்கும் கடை இந்நகரில் இல்லை. அரிசி மலிவான இடத்தில் கீரை விலை ஏறியிருக்கும், கீரை மலிவான இடத்தில் பருப்பு கிடைக்காது. பொருளுக்கேற்ற இடத்தையும் நேரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்பவருக்குத்தான் காசு மிஞ்சும்.

1. மாதத் தொகையை முதலில் பிரித்து வையுங்கள்

2025 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அதில் மலேசியத் தொழிலாளருக்கு ஊழியர் சேமநிதிக்கென 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடிக்கப்படும். சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கழிந்தபின் கைக்கு வருவது ஏறத்தாழ 1,500 வெள்ளி. இந்தச் சம்பளத்தில் இருக்கும் தனி ஆள், வீட்டில் சமைப்பதானால், மளிகைக்கு 300 வெள்ளி ஒதுக்கலாம் என்பது என் கணக்கு. 250 வெள்ளியிலும் ஓட்டலாம், ஆனால் அந்த மாதம் மீனை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த 300 வெள்ளியை ஒரே தடவையில் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் வந்தவுடன் 100 வெள்ளியை அரிசி, எண்ணெய், பருப்பு, மசாலைத்தூள், மாவு ஆகிய கெடாத சாமான்களுக்கு ஒதுக்குங்கள். வாரத்துக்கு 45 வெள்ளி என்று நான்கு உறைகளில் போட்டு, காய்கறி, மீன், முட்டைக்கு வையுங்கள். மிஞ்சும் 20 வெள்ளி, மாதக் கடைசியில் நான்கு வாரத்தைத் தாண்டி நிற்கும் இரண்டு மூன்று நாளுக்கு. சமையல் எரிவாயுவை இக்கணக்கில் சேர்க்கவில்லை. 14 கிலோ உருளையின் கட்டுப்பாட்டு விலை 26.60 வெள்ளி. வீட்டுக்குக் கொண்டுவந்து மாடியேற்றித் தரும் கடைக்காரர் கூலியைத் தனியாகச் சேர்ப்பார் என்பதால், அறைத் தோழர்கள் சேர்ந்து பகிர்ந்துகொள்வதே வழக்கம்.

கூடவே ஒரு 555 நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதுகிற அதே குட்டி நோட்டுதான். அதில் கடனை எழுதாமல் விலையை எழுதுங்கள்: பொருள், கடை, கிலோ விலை, தேதி. இரண்டு மாதம் எழுதினால், எந்தக் கழிவு விலை உண்மையானது, எது வெறும் சிவப்பு அட்டை என்பது உங்களுக்கே விளங்கும்.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

மலேசியக் குடிமக்களுக்கு மைகாட் என்னும் அடையாள அட்டைதான் முதல் ஆவணம். அரசின் ரஹ்மா அடிப்படை உதவி, அதாவது சாரா, மைகாட்டின் வழியாகவே வழங்கப்படுகிறது. பணமாகக் கைக்கு வராது. பதிவுபெற்ற கடையில் அட்டையைக் காட்டினால், அரிசி, முட்டை, மாவு, ரொட்டி, எண்ணெய் முதலாகக் குறிப்பிட்ட பொருள் வகைகளின் விலை அதிலிருந்து கழிக்கப்படும். 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் ஒருமுறை 100 வெள்ளி தரப்பட்டபோது, அதை அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் செலவழிக்க வேண்டியிருந்தது. தொகையும் காலக்கெடுவும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் மாறுவதால், உங்களுக்கு என்ன உண்டு, எப்போது காலாவதியாகிறது என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே அதிகாரப்பூர்வத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று இடங்களில் பலர் இடறுகிறார்கள். முதலாவது, அட்டையின் படத்தைக் கைப்பேசியில் காட்டினால் செல்லாது, அட்டையே வேண்டும். இரண்டாவது, பணம் வரவு வைக்கப்படும் முதல் நாளன்றே எல்லாரும் கடைக்கு ஓடுவதால் வரிசை நீண்டு, கணினியும் திணறும். மூன்று நான்கு நாள் கழித்து, வேலை நாளின் காலையில் போவது நல்லது. மூன்றாவது, கூடையில் இருக்கும் எல்லாவற்றையும் சாரா ஏற்காது. ஆகவே அதற்குரிய பொருளைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் பிரித்துக் கல்லாவில் வைத்தால் பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சைக் கேட்க வேண்டியிருக்காது.

ரொக்க உதவியான எஸ்.டி.ஆருக்கு உள்நாட்டு வருமான வரி வாரியம் விண்ணப்பம் பெறுகிறது. மாதம் 2,500 வெள்ளிக்கு மேற்படாத வருமானமுள்ள, 21 முதல் 59 வயது வரையிலான தனித்து வாழ்வோரும் தகுதி பெற்றுவந்துள்ளனர். குடும்பமாக இருப்போருக்கு வருமான வரம்பு 5,000 வெள்ளி. மைகாட், வங்கிக் கணக்கு எண், மணமானவரானால் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் அடையாள ஆவணம் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் திறங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. "உங்கள் பணம் தயார், இங்கே அழுத்தவும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்த வேண்டாம். அதை அனுப்புகிறவருக்கு உங்கள் வங்கிக் கணக்கின் மேல்தான் கண்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ வந்தவர்களுக்கு இவ்வுதவிகள் இல்லை.  இந்த வழிகாட்டியின் மற்ற பகுதிகளில் பெரும்பாலானவை அவர்களுக்கும் பொருந்தும்.

எல்லாருக்கும் பொதுவாக, உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பிரைஸ்கேட்சர் என்ற செயலியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பேரங்காடி, சந்தை, சில்லறைக் கடை என்று பல இடங்களில் அமைச்சின் ஊழியர் எடுத்துவரும் விலைகளை அதில் ஒப்பிடலாம். செயலி இலவசம்.

3. கட்டுப்பாட்டு விலைப் பொருள்களை மனப்பாடம் செய்யுங்கள்

அரசு உச்சவிலை விதித்திருக்கும் சில பொருள்கள் உண்டு. பாக்கெட்டில் வரும் ஒரு கிலோ மானியச் சமையல் எண்ணெய் 2.50 வெள்ளி. ஒரு கிலோ பொது உபயோகக் கோதுமை மாவு 1.35 வெள்ளி. உள்நாட்டு வெள்ளை அரிசி கிலோ 2.60 வெள்ளி, பத்துக் கிலோ மூட்டை 26 வெள்ளி. சாதாரணச் சீனியும் நெடுங்காலமாகக் கட்டுப்பாட்டில் இருப்பதே. கடைக்குப் போகுமுன் அன்றைய விலையை பிரைஸ்கேட்சரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், மானியக் கொள்கை மாறினால் இவையும் மாறும்.

மானிய எண்ணெய்ப் பாக்கெட் கண்ணுக்கு எளிதில் படாது. பளபளக்கும் போத்தல்கள் இருக்கும் வரிசையின் அடித்தட்டிலோ, கல்லாவுக்குப் பின்னாலோ, சில கடைகளில் கேட்டால் மட்டும் உள்ளிருந்தோ வரும். ஆளுக்கு இத்தனை பாக்கெட் என்ற வரம்பு இருக்கும், அடையாள அட்டை கேட்பதும் உண்டு. ஒரே தடவையில் பல பாக்கெட் கிடைக்காதென்பதால், கடைப்பக்கம் போகும்போதெல்லாம் ஒன்று என்று எடுத்து வருவதே நடைமுறை. வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, புனல் வைத்து, உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றிவிடுங்கள். திறந்த பாக்கெட்டை அடுப்படியில் சாய்த்து வைத்தால் பாதி எண்ணெய் தரைக்குத்தான் போகும். "இந்தப் பிஸ்கட்டையும் எடுத்தால்தான் எண்ணெய் தருவேன்" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், அது விதிமீறல் என்று தயங்காமல் சொல்லலாம்.

அரிசி மூட்டையில் "பெராஸ் புத்தே தெம்பாத்தான்" என்று அச்சிட்டிருப்பது உள்நாட்டு அரிசி, "இம்போர்ட்" என்றிருப்பது இறக்குமதி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும், பையின் நிறமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், விலையில்தான் இடைவெளி. 2023இல் உள்நாட்டு அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. இப்போதும் சில கடைகளில் வந்த நாளே தீர்ந்துவிடும். லாரி எந்த நாளில் வருமென்று கடைப் பையனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த அரிசி பொன்னியைப் போல உதிரியாக வராது, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும்.

தனி ஆள் நாளைக்கு 200 கிராம் வடித்தால் பத்துக் கிலோ ஐம்பது நாள் வரும். கோலாலம்பூரின் ஈரக் காற்றில் திறந்த மூட்டையில் வண்டு வைப்பதற்கு அத்தனை நாள் தேவையில்லை. மூடி இறுகும் வாளியில் கொட்டி, நான்கைந்து காய்ந்த மிளகாயைப் போட்டு வையுங்கள். அதற்கும் வசதியில்லாத அறையானால், ஐந்து கிலோ மூட்டையோடு நிறுத்திக்கொள்வது மேல்.

4. விலைச்சீட்டை முழுவதும் வாசியுங்கள்

பேரங்காடியில் காசு போகும் இடம் விலைச்சீட்டின் சிறிய எழுத்துகள்தாம். பெரிய எண்ணை மட்டும் பார்த்துக் கூடையில் போடாதீர்கள்.

மீன், இறால், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போன்றவற்றுக்கு 100 கிராம் விலையைப் போட்டிருப்பார்கள். 1.89 என்று பார்த்தால் மலிவாகத் தோன்றும், ஆனால் அது கிலோவுக்கு 18.90 வெள்ளி. பத்தால் பெருக்காமல் எதையும் எடுக்க வேண்டாம்.

அடுத்தது எடை குறைந்த பாக்கெட். உறை ஒரு கிலோப் பாக்கெட்டின் அளவிலேயே இருக்கும், உள்ளே 900 கிராமோ 850 கிராமோ இருக்கும். எடுத்துக்காட்டாக, 900 கிராம் 7.20 வெள்ளி, பக்கத்தில் ஒரு கிலோ 7.60 வெள்ளி என்றால், முதலாவது கிலோவுக்கு 8 வெள்ளி ஆகிறது. குறைந்த எண் கொண்டதுதான் விலை கூடியது. பல பேரங்காடிகள் கிலோ விலையைச் சீட்டின் ஓரத்தில் பொடியாக அச்சிடுகின்றன. இல்லாவிட்டால் கைப்பேசியில் வகுத்துப் பாருங்கள்.

எண்ணெயில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. செம்பனை எண்ணெய் இங்கு கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது, சூரியகாந்தி முதலான சில எண்ணெய்கள் லிட்டர் கணக்கில் வருகின்றன. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஐந்து லிட்டர் என்பது ஏறத்தாழ நாலரைக் கிலோதான். இரண்டையும் ஒன்றாகக் கருதி ஒப்பிட்டால் கணக்கு தவறும்.

உறுப்பினர் விலை என்று ஒன்று உண்டு. லோட்டஸ் போன்ற பேரங்காடிகள் தம் செயலியை வைத்திருப்போருக்கு ஒரு விலையும் மற்றவர்களுக்கு ஒரு விலையும் வைக்கின்றன. செயலி இலவசம் என்பதால் ஏற்றிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அது அனுப்பும் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், தேவையில்லாததை வாங்க வைப்பதே அவற்றின் வேலை. இரண்டு வாங்கினால் ஒன்று கழிவு என்ற சலுகை, சோப்பு, பற்பசை, சார்டின் டின் போன்றவற்றுக்குச் சரி. தயிருக்கும் ரொட்டிக்கும் தனி ஆளுக்கு அது சலுகையே அல்ல. கடையின் சொந்தப் பெயரில் வரும் உப்பு, சீனி, மாவு, பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவற்றில் நான் வேறுபாடு எதையும் கண்டதில்லை. சொந்தப் பெயர்த் தேயிலைத்தூளைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

பே லேட்டர் என்னும் பிறகு செலுத்தும் வசதியை அரிசி பருப்புக்குப் பயன்படுத்த வேண்டாம். சாப்பிட்டு முடித்த சோற்றுக்கு அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த மாதச் சோற்றுக்கும் கடன்தான் வாங்க வேண்டிவரும்.

5. எந்தப் பொருளை எங்கே வாங்குவது

கெடாத சாமான்களை மாதம் ஒருமுறை மைடின், எக்கோன்சேவ், என்.எஸ்.கே., லோட்டஸ் போன்ற பெரிய கடை ஒன்றில் வாங்குங்கள். எது உங்கள் ரயில் நிலையத்துக்கு அருகிலோ அதுவே உங்களுக்கு மலிவானது. இடையில் தீர்ந்துபோகும் சோப்பு, பால், பிஸ்கட்டுக்கு வீட்டருகே இருக்கும் 99 ஸ்பீட்மார்ட் போதும். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சிறு கடைகளில் நடுநிசி மாகி ஒன்றைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள்.

பருப்பு, உளுந்து, கடுகு, சீரகம், மல்லி, புளி, காய்ந்த மிளகாய் ஆகியவற்றைப் பேரங்காடியில் வாங்கவே வேண்டாம். அங்கே அவை 100, 200 கிராம் பாக்கெட்டுகளில் அடைபட்டு வரும். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், மஸ்ஜித் இந்தியா, லெபோ அம்பாங் பகுதிகளில் நம்மவர் மளிகைக் கடைகளில் கிலோக் கணக்கிலும் அரைக் கிலோக் கணக்கிலும் கிடைக்கும். பாபாஸ், அழகப்பாஸ் மசாலைத்தூள்களையும் கால் கிலோ, அரைக் கிலோப் பைகளாக எடுத்தால் சின்னப் பாக்கெட்டைவிட விலை இறங்கும். ஆனால் தனி ஆள் ஒரு கிலோ மீன் மசாலை வாங்கி வைத்தால், கடைசிக் கால் கிலோ மணமிழந்து போகும். மாதத்தில் தொடர்ந்து வாங்குகிற கடையானால், கறிவேப்பிலை ஒரு கொத்தைக் காசில்லாமல் பைக்குள் போட்டுத் தருவார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அதே கொத்து பேரங்காடியில் நெகிழித் தட்டில் விலையொட்டியோடு இருக்கும்.

வெங்காயத்தில் இந்தியப் பெரிய வெங்காயமும், ஹாலந்து வெங்காயம் என்று இங்கு அழைக்கப்படுவதும் அருகருகே இருக்கும். இந்திய வெங்காயம் ஏற்றுமதித் தடைக்கு உள்ளாகும்போது இங்கே விலை தாவும். அந்நாள்களில் சாம்பாருக்கும் குழம்புக்கும் ஹாலந்து வெங்காயத்தைக்கொண்டு சமாளிக்கலாம், சட்னிக்குச் சற்றே இனிக்கும்.

6. சந்தைக்குப் போகும் நேரம்

காய்கறிக்கும் மீனுக்கும் பசார் எனப்படும் சந்தைதான் இடம். சௌகிட் பசாருக்கு மோனோரயிலில் சௌகிட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். புடு பசாருக்கு எல்.ஆர்.டி. ரயிலில் புடு நிலையம். இரண்டும் விடியலிலேயே சுறுசுறுப்பாகிவிடும். நல்ல மீன் வேண்டுமென்றால் ஏழு மணிக்குள் போக வேண்டும். விலை குறைய வேண்டுமென்றால், வியாபாரிகள் கடையைக் கட்டத் தொடங்கும் முற்பகல் வேளையில் போக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. திங்கட்கிழமை பல மீன் கடைகளுக்கு ஓய்வு நாளென்பதால் அன்று போனால் தெரிவு குறைவு.

நுழைவாயிலை ஒட்டிய முதல் வரிசைக் கடைகளில் எதையும் வாங்காமல், ஒருமுறை கடைசி வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். அதே பயற்றங்காய்க் கட்டு, உள்வரிசையில் ஐம்பது சென் குறைவாக இருப்பது வழக்கமான காட்சி. விலைப்பலகையில் அளவு எழுதப்படாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், அது கிலோவுக்கா, கட்டுக்கா, நூறு கிராமுக்கா என்று கேளுங்கள். வயதான சில வியாபாரிகள் இன்னும் கட்டிக் கணக்கில் விலை சொல்வார்கள். ஒரு கட்டி சுமார் 600 கிராம். கட்டி விலையைக் கிலோ விலையென்று நினைத்துக்கொண்டால் மலிவு விலையில் வாங்கியதாக மகிழ்ந்து வீட்டுக்கு வரலாம், எடை பார்க்கும் வரை. பேரம் பேச மலாய் போதும். ஆனால் ஒரு கட்டுக் கீரைக்குப் பேரம் பேசாமல், நான்கு வகை எடுத்துவிட்டு மொத்தத்தில் குறைக்கச் சொல்வதுதான் எடுபடும்.

வேலைக்குப் போவோருக்கு மாலையில் கூடும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை வசதி. புதன்கிழமைகளில் செராஸ் தாமான் கோனாட்டில் கூடுவது நீளத்துக்குப் பெயர்போனது, ஆனால் அங்கே தின்பண்டக் கடைகளே அதிகம், விலையும் வேடிக்கை பார்க்க வருவோருக்கான விலை. காய்கறிக்கு உங்கள் குடியிருப்புக்குள் கூடும் சிறிய சந்தையே மேல். இரவு ஒன்பது மணிக்குமேல் காய்கறிக்காரர் மிஞ்சியதைச் சின்னக் கூடைகளில் கூறு கட்டி, கூறு இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி என்று கூவத் தொடங்குவார். மேலே இருக்கும் தக்காளியை மட்டும் பார்க்காமல், கூடையை மெல்லச் சாய்த்து அடியில் இருப்பதையும் பாருங்கள். அழுகல் ஒன்றிரண்டு இருந்தால் தவறில்லை, மூன்றிலொரு பங்கு இருந்தால் அந்தக் கூறு மலிவல்ல. கத்தரிக்காய், வெண்டைக்காய், முள்ளங்கி ஆகியவை இப்படி வாங்க ஏற்றவை. பாயாம், கங்குங் ஆகிய கீரைகள் அந்நேரத்துக்கு வாடித் துவண்டிருக்கும். இரவே சமைப்பதானால் மட்டும் எடுங்கள்.

சிலாயாங்கில் உள்ள பாசார் போரோங் என்னும் மொத்தச் சந்தை தனி ஆளுக்கு ஏற்றதல்ல. அங்கே வியாபாரம் இரவில் நடந்து காலையில் ஓய்கிறது, மூட்டை, பெட்டி, கூடை என்ற கணக்கில்தான் விலை உண்மையில் இறங்குகிறது, அருகில் ரயில் நிலையமும் இல்லை. நான்கைந்து வீட்டார் சேர்ந்து, ஒருவரிடம் கார் இருந்து, வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய் ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொள்வதானால் போகலாம். கிராப் வாடகைக் கார் பிடித்துப் போய்வந்தால் மிச்சம் பிடித்ததைக் கிராப்காரரிடம் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கரை மீனவர்கள் கடலுக்குப் போவது குறைகிறது, மீன் விலை ஏறுகிறது. கேமரன்மலையில் தொடர்மழையென்றால் சில நாளில் முட்டைக்கோஸும் தக்காளியும் விலையேறும். அந்த வாரங்களில் பூசணி, சுரைக்காய், மரவள்ளிக்கிழங்கு என்று தாழ்நிலத்தில் விளைவதற்கு மாறுங்கள்.

7. முட்டை, கோழி, மீன்

கோழிக்கான உச்சவிலையும் மானியமும் 2023 நவம்பர் 1 முதலும், முட்டைக்கானவை 2025 ஆகஸ்ட் 1 முதலும் நீங்கிவிட்டன. ஆகவே இவ்விரண்டிலும் கடைக்குக் கடை விலை மாறும், ஒப்பிட்டு வாங்குவதில் பலன் அதிகம்.

முட்டை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கப்படுவது எடையால் மட்டுமே, சத்திலோ புதுமையிலோ வேறுபாடு இல்லை. தரத்துக்குத் தரம் முட்டைக்குச் சுமார் 5 கிராம். முப்பது முட்டை கொண்ட தட்டில் அது 150 கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டரைச் சி தர முட்டை. ஏ தட்டுக்கும் பி தட்டுக்கும் உள்ள விலை வேறுபாடு இரண்டரை முட்டையின் விலையைவிடக் குறைவாக இருந்தால் ஏ தட்டை எடுங்கள், கூடுதலாக இருந்தால் பி. முட்டைக் குழம்புக்கு எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் சி தரமே போதும்.

கோழியைத் துண்டுகளாக வாங்குவதைவிட முழுக்கோழியாக வாங்குவது மலிவு. பசாரில், கேட்கும் கிலோ விலை சுத்தம் செய்வதற்கு முன் எடைக்கா, பின் எடைக்கா என்று முதலில் கேளுங்கள். தலை, கால், குடலோடு எடை போட்ட கோழி வீட்டுக்கு வரும்போது வேறு எடையில் இருக்கும். "கறிக்கு வெட்டித் தாருங்கள்" என்றால் வெட்டிக் கொடுப்பார்கள், தனிக்கூலி இல்லை. மார்பை ஒரு பையிலும், தொடையை ஒரு பையிலும், முதுகெலும்பையும் கழுத்தையும் இன்னொன்றிலும் பிரித்து உறையவைத்தால், ஒரு கோழியில் வறுவல், குழம்பு, ரசம் மூன்றும் ஆகும்.

மீனில் கெம்போங், செலார் இரண்டும்தாம் சிறு சம்பளக்காரரின் மீன்கள். செவுள் சிவந்து, கண் உப்பி, அழுத்தினால் சதை மீண்டு வருவதாக இருக்க வேண்டும். நெத்திலியை முழுதாக வாங்கி நீங்களே தலை கிள்ளிக்கொண்டால், பிளந்து சுத்தம் செய்ததைவிடக் குறைந்த விலை. மீனும் கோழியும் எட்டாத வாரத்தில் சோயாவில் செய்யும் தோஃபுவும் தெம்பேயும் இருக்கின்றன. தெம்பேயை மெலிதாக அரிந்து மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் சோற்றுக்கு நன்றாகவே இருக்கும், தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர்கள் முதலில் முகம் சுளித்தாலும்.

8. போக்குவரத்தும் பையும்

மலேசியர்கள் மை50 பயண அட்டையை 50 வெள்ளிக்கு எடுத்தால், ரேப்பிட் கேஎல் ரயில்களிலும் பேருந்துகளிலும் முப்பது நாள் வரம்பின்றிப் போகலாம். வேலைக்காக அதை ஏற்கெனவே வைத்திருப்பவருக்குச் சந்தைக்குப் போகும் பயணம் செலவே இல்லை. அட்டை இல்லாதவர்கள் போகவரக் கட்டணத்தை மளிகைக் கணக்கிலேயே சேர்த்துப் பாருங்கள். மூன்று வெள்ளி மிச்சத்துக்காக நான்கு வெள்ளி கொடுத்துப் போவதில் பொருளில்லை. நெகிழிப் பைக்குக் கல்லாவில் 20 சென் வாங்குவார்கள். மடித்து வைக்கும் துணிப்பை ஒன்றும், மாதச் சாமான் நாளுக்கு முதுகுப்பை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், பத்துக் கிலோ அரிசியைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலில் நிற்பது கடினம்.

9. ரசீதை வாசலிலேயே சரிபாருங்கள்

தட்டில் ஒட்டிய கழிவு விலை கல்லாக் கணினியில் ஏறாமல், பழைய விலையே ரசீதில் வருவது அடிக்கடி நடக்கிறது. ஒரு பேரங்காடியில் பருப்புக்கு இப்படி நேர்ந்தபோது, நான் எடுத்துவைத்திருந்த விலைச்சீட்டின் படத்தைக் காட்டினேன், வேறுபாட்டை உடனே திருப்பித் தந்தார்கள். படம் இல்லாமல் வாதாடினால், ஊழியர் தட்டு வரை நடந்து பார்த்து வரும் வரை நிற்க வேண்டும். ஆகவே கழிவு விலையில் எடுக்கும் பொருளின் சீட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், கடையை விட்டு வெளியேறுமுன் ரசீதைப் பாருங்கள்.

விலையே ஒட்டாமல் விற்பது, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்பது, எண்ணெயோடு வேறு பொருளைக் கட்டாயப்படுத்துவது ஆகியவற்றை உள்நாட்டு வாணிப அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம். கடையின் பெயர், கிளை, தேதி, நேரம், ரசீது, படம் ஆகியவை கையில் இருந்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும்.

10. மலிவு விற்பனைகளும் பண்டிகைக் காலமும்

அமைச்சு நடத்தும் ரஹ்மா மடானி விற்பனையில் அடிப்படைப் பொருள்கள் சந்தை விலையைவிட 10 முதல் 30 விழுக்காடு குறைவாகக் கிடைக்கின்றன. குடியிருப்புத் திடலிலோ மண்டபத்திலோ காலையில் கூடாரம் போடுவார்கள், முட்டையும் எண்ணெயும் முதலில் தீரும். ஃபாமா என்னும் வேளாண் சந்தைப்படுத்தல் வாரியம் நடத்தும் விவசாயிகள் சந்தைகளிலும் காய்கறியும் பழமும் நேரடியாக விளைவித்தவரிடமிருந்து வருகின்றன. இவற்றின் இடத்தையும் நாளையும் அமைச்சும் ஃபாமாவும் தத்தம் சமூக ஊடகப் பக்கங்களில் அறிவிக்கின்றன.

தீபாவளியை ஒட்டி, பண்டிகைக்கால உச்சவிலைத் திட்டம் சில நாள்களுக்கு நடைமுறைக்கு வரும். பட்டியலில் உள்ள பொருள்களுக்கு வியாபாரி இளஞ்சிவப்பு விலைச்சீட்டு வைக்க வேண்டும். எந்தெந்தப் பொருள்கள், எந்த விலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதை அமைச்சு ஒவ்வோர் ஆண்டும் தனியாக அறிவிக்கிறது, நம் நாளிதழ்களும் வெளியிடுகின்றன. பலகாரத்துக்கான மாவு, சீனி, எண்ணெய், உளுந்து ஆகியவற்றைப் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே சிறுகச் சிறுக வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் எண்ணெய்ப் பாக்கெட் எங்கும் கிடைக்காது. தேங்காயையும் தக்காளியையும் ஆட்டிறைச்சியையும் மட்டும் உச்சவிலை தொடங்கும் நாள் வரை தள்ளிப் போட்டு, பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, இளஞ்சிவப்புச் சீட்டு உள்ள கடையில் வாங்குங்கள்.